தங்கமீனும் தேயிலையும்: ஒரு கண்ணாடிப் பெட்டியின் வரலாறு

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வாழும் நண்பர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டு வருகின்றனர். “நேற்றுத்தான் மீன்தொட்டியை முழுவதும் கழுவினோம். கல்லைத் தேய்த்தோம், வடிகட்டியைக் குழாயடியில் பிழிந்தோம், புதுத் தண்ணீர் நிரப்பினோம். இன்று காலை பார்த்தால் இரண்டு தங்கமீன்களும் மிதக்கின்றன. அழுக்காக இருந்தபோது உயிரோடு இருந்தவை, சுத்தம் செய்தவுடன் ஏன் செத்தன?” என்பதே அக்கேள்வி.

அரசியலும் தோட்டத் தொழிற்சங்கமும் எழுதிப் பழகியவனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. விடை தேடிப் புறப்பட்டபின் அது தேயிலையின் வரலாற்றிலும், உரத்தின் வரலாற்றிலும், இறுதியில் லயத்தின் வரலாற்றிலும் கொண்டு சென்று விட்டது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சீனத்து விருந்தாளிகள்

தங்கமீன் இயற்கை அளித்த மீன் அன்று. மனிதன் ஆக்கிய மீன். சீனத்துக் குளங்களில் வாழ்ந்த சாம்பல் நிறக் கெண்டையினம் ஒன்றில் எப்போதாவது செந்நிறக் குஞ்சு பிறப்பதுண்டு. அவற்றைத் தெரிந்தெடுத்துத் தனிக் குளங்களில் வளர்க்கும் வழக்கம் சொங் வம்சக் காலத்தில் (960–1279) வேரூன்றியது. மிங் வம்சக் காலத்தில் (1368–1644) மீன் குளத்திலிருந்து வீட்டுக்குள் வந்தது. மட்பாண்டங்களில் வளர்த்தபோதுதான் இரட்டை வாலும் உருண்ட உடலும் கொண்ட வகைகளைத் தேர்ந்து பெருக்க முடிந்தது. 1596இல் சாங் சியாந்தே என்பவர் இம்மீன் வளர்ப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த இம்மீனுக்கு 1758இல் லின்னேயஸ் விஞ்ஞானப் பெயர் சூட்டினார்.

தேயிலையும் சீனத்திலிருந்து புறப்பட்ட பயிரே. இலங்கைக்கு அது வந்த கதையை மலையக வாசகர்கள் அறிவர். 1824இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் சீனத் தேயிலைச் செடிகள் நடப்பட்டன. 1841இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் சீனச் செடிகளை நட்டனர். ஆனால் அது தொழிலாகத் தழைக்கவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததுமே இன்றைய தேயிலை மலைக்கு அடித்தளம். இங்கு வேரூன்றியது பெரும்பாலும் அஸ்ஸாம் வழிவந்த தேயிலை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்விரு விருந்தாளிகளையும் இணைப்பது ஒரு கண்ணாடிப் பெட்டி. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் 1829இல் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் போத்தலில் இட்டு மூடிவைத்தார். அதற்குள் பன்னச்செடியும் புல்லும் தாமாக முளைத்து, வெளித்தண்ணீர் ஊற்றாமலே வாழ்வதைக் கண்டார். உள்ளிருக்கும் ஈரமே ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணில் விழுகிறது. இதிலிருந்து பிறந்ததுதான் ‘வார்ட் பெட்டி’. கடற்பயணத்தில் உப்புக்காற்றுப் பட்டு மடியும் செடிகளை இப்பெட்டி காப்பாற்றியது. 1848இல் கிழக்கிந்தியக் கம்பனியின் சார்பில் சீனாவுக்குச் சென்ற ரொபர்ட் போர்ச்சூன் தேயிலைச் செடிகளை இமயமலைத் தோட்டங்களுக்கு அனுப்பியது வார்ட் பெட்டிகளில்தான். தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனாக் கன்றுகள் 1860இல் கப்பலேறியதும் அவ்வாறே. நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைப் பூங்கா 1861இல் அமைக்கப்பட்டது அந்தச் சிங்கோனாவைப் பரீட்சித்துப் பார்ப்பதற்காகவே.

செடிக்கு ஆன அந்தப் பெட்டியில் தண்ணீரை நிரப்பினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். மீன்தொட்டி பிறந்தது.

வோரிங்டனின் இரண்டு மீன்கள்

அவர் பெயர் ரொபர்ட் வோரிங்டன், லண்டனில் இரசாயனவியலாளர். 1849ஆம் ஆண்டளவில் ஒரு கண்ணாடிக் கலத்தில் தண்ணீர் நிரப்பி, அடியில் மண்ணும் கல்லும் இட்டு, வல்லிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். மீன் வெளியிடும் காபனீரொட்சைட்டைச் செடி ஏற்கும், செடி வெளியிடும் ஒட்சிசனை மீன் ஏற்கும் என்பது அவர் கணக்கு. சில காலத்தின்பின் செடியின் பழைய இலைகள் அழுகின. பாசி படர்ந்து தண்ணீர் கலங்கியது. அவர் தண்ணீரைக் கொட்டவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன; தண்ணீர் தெளிந்தது. 1850இல் இரசாயனச் சங்கத்தின் முன் இதனை அவர் அறிக்கையாக வெளியிட்டார்.

அதன்பின் வேகம் கூடியது. 1845இல் பிரித்தானியாவில் கண்ணாடி வரி நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிந்திருந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்சாலை திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் ‘அக்குவேரியம்’ என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது. நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி நாகரிகமாயிற்று.

ஆனால் பலருடைய தொட்டிகளில் மீன்கள் மடிந்தன. வோரிங்டனின் கணக்கில் ஓர் உருப்படி விடுபட்டிருந்தது. மீன் மூச்சு மட்டும் விடுவதில்லை. செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியாவை வெளியிடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கையிலும் அது இருக்கக்கூடும்.

தந்தை விட்ட இடம், மகன் தொட்ட இடம்

வரலாறு சில வேளைகளில் கதாசிரியனைவிட நன்றாகக் கதை அமைத்து விடுகிறது. விடுபட்ட அந்த உருப்படியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் வோரிங்டனின் மகன். அவர் பெயரும் ரொபர்ட் வோரிங்டனே. அவர் மீனை ஆராயவில்லை, வயலை ஆராய்ந்தார். 1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவரும், அமோனியா நைத்திரேற்றாக மாறுவது உயிரினங்களின் வேலை என்று காட்டினர். இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இளைய வோரிங்டன் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் இரு படிகளில் மாறுவதைத் தெளிவுபடுத்தினார். 1890இல் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி அப்பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார்.

தேயிலை மலைக்கும் மீன்தொட்டிக்கும் பொதுவான உண்மை இதுதான். தோட்டத்தில் யூரியாவோ அமோனியம் சல்பேற்றோ இட்டால் மண்ணில் நடப்பது எதுவோ, அதுவே தொட்டியின் கல்லிலும் பஞ்சிலும் நடக்கிறது. நைத்திரேற்றும் அளவு மீறினால் தீங்கானதே. ஆயினும் முன்னைய இரண்டோடு ஒப்பிட்டால் அது மிகச் சாதுவானது. தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றினால் குறைந்து விடும். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கப்படும் வரை, நைதரசன் இல்லாத மலை எவ்வாறு இருக்கும் என்பதை எங்கள் மக்கள் கொழுந்துக் கூடையின் நிறையிலேயே அறிந்தனர். மலையில் குறைந்தால் கேடு விளைவித்த அதே பொருள் தொட்டியில் மிகுந்தால் கேடு விளைவிக்கிறது.

நண்பர்களின் கேள்விக்குப் பாதி விடை இங்கு கிடைத்து விடுகிறது. அந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் நீந்துவன அல்ல. கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. பஞ்சைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும், கல்லைக் கொதிநீரில் இடுவதும், குளோரீன் கலந்த குழாய்நீரில் பிழிவதும் தொட்டியின் துப்புரவுத் தொழிலாளர் அனைவரையும் ஒரே நாளில் வேலைநீக்கம் செய்வதற்குச் சமம்.

மலைநாட்டுத் தண்ணீரின் குணம்

மீதிப் பாதி எங்கள் தண்ணீரில் இருக்கிறது. மீன் வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் சமவெளிக்கு எழுதப்பட்டவை. மலைநாட்டின் பீலித் தண்ணீர் பழம்பாறைகளின் இடையே ஊறி வருவது. அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு, மென்மையானது, அமிலச் சார்பு உடையது. குடிக்க இனிது. தங்கமீனோ சற்றுக் காரமான, சுண்ணாம்பு கலந்த தண்ணீரை விரும்புவது. பீ.எச். அளவு 7க்கும் 8க்கும் இடையே இருப்பது அதற்கு நலம்.

மேற்சொன்ன பற்றீரியாக்கள் அமோனியாவை மாற்றும்போது அமிலத்தை உண்டாக்குகின்றன. சுண்ணாம்பு இருந்தால் அது அமிலத்தை ஈடுசெய்யும். இல்லாவிடில் தொட்டி வாரத்துக்கு வாரம் புளித்துக்கொண்டே போகும். பீ.எச். 6க்குக் கீழ் இறங்கும்போது பற்றீரியாக்களின் வேலை ஏறக்குறைய நின்று விடுகிறது. அமோனியா குவிகிறது. ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அமோனியம் என்ற சாதுவான வடிவில் இருப்பதால் மீன் சாகாமல் உயிர் தாங்கி நிற்கிறது. வீட்டார், “பரவாயில்லை, பழகி விட்டது” என்று எண்ணுகின்றனர்.

ஒருநாள் தொட்டியைச் சுத்தம் செய்கின்றனர். பழைய தண்ணீரில் சிறிது மிஞ்ச, பீ.எச். கூடிய குழாய்நீரைப் பெருமளவில் ஊற்றுகின்றனர். பீ.எச். ஓர் அலகு உயர்ந்தால் நச்சு வடிவ அமோனியாவின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும்; இரண்டு அலகு உயர்ந்தால் நூறு மடங்கு. சாதுவாக இருந்தது ஒரே இரவில் நஞ்சாகிறது. தண்ணீர் முழுவதையும் மாற்றிய வீடுகளில் இந்த நஞ்சு இல்லாவிட்டாலும், மாதக் கணக்கில் புளித்த தண்ணீரில் இருந்த மீன் நொடிப்பொழுதில் முற்றிலும் வேறான, குளிர்ந்த தண்ணீரில் விழும் அதிர்ச்சி இருக்கிறது. குளோரீன் இருந்தால் அதுவும் சேர்கிறது. நேற்றுக் கழுவி இன்று மடிந்த மீன்களின் கதை பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.

இதற்கு மருந்தும் தோட்டத்திலேயே இருக்கிறது. உரம் இட்டு இட்டு மண் புளித்துப் போகும்போது தோட்டத்தில் டொலமைட் தூவுவதை எல்லோரும் கண்டிருப்பர். அதே இரசாயனம்தான் தொட்டிக்கும் வேண்டும். டொலமைட் மாவைத் தொட்டியில் கொட்டச் சொல்லவில்லை. நன்றாகக் கழுவிய சுண்ணாம்புக்கல் துண்டுகளையோ சிப்பி ஓட்டையோ ஒரு கைப்பிடி துணிப்பையில் கட்டி வடிகட்டியருகே இட்டால் மெல்ல மெல்லக் கரைந்து ஈடுசெய்யும். ஏற்கெனவே புளித்துப்போன தொட்டியானால் முதலில் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தண்ணீரை மாற்றி, அதன்பிறகே இதனைச் செய்ய வேண்டும்.

இன்னொரு நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. “எங்கள் குளிரில் மீனுக்கு ஒட்சிசன் தாராளம், காற்றுப் பம்பி எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். குளிர்ந்த தண்ணீர் கூடுதல் ஒட்சிசனை ஏற்கும் என்பது உண்மையே. 15 பாகை செல்சியஸில், கடல்மட்டத்தில், ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 10 மில்லிகிராம் ஒட்சிசனை ஏற்கும். ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே அங்கு அது 8 மில்லிகிராமாகக் குறைகிறது. 28 பாகையில் கொழும்புத் தண்ணீர் ஏற்பதும் ஏறக்குறைய 8 மில்லிகிராம்தான். குளிர் கொடுத்ததை உயரம் எடுத்துக்கொள்கிறது. குளிரில் மீனின் தேவை குறைவு என்பது மட்டுமே இலாபம். பம்பி வேண்டும்.

குளிருக்கு இன்னொரு விலையும் உண்டு. பற்றீரியாக்கள் குளிரில் மெதுவாகவே பெருகும். சமவெளியில் புதுத்தொட்டி பக்குவமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகுமெனில், நுவரெலியாவில் அதற்கும் கூடுதலாகவே ஆகும். அக்காலத்தில் ஒரே ஒரு மீனை வைத்து, அரை வயிற்று உணவு கொடுத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை சிறிது தண்ணீர் மாற்றுவது உசிதம்.

செய்யத்தக்கன

மீன்தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதென்பது ஒருநாள் பெருவேலை அன்று. வாரந்தோறும் செய்யும் சிறுவேலை. வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்போது கல்லிடையே தங்கிய கசடும் வந்துவிடும். எடுத்த அந்தப் பழந்தண்ணீரிலேயே வடிகட்டிப் பஞ்சை இரண்டு முறை பிழிந்தால் போதும். புதுத் தண்ணீரை முதல்நாளே வாளியில் பிடித்து அறைக்குள் வைத்தால் குளோரீனும் பெரும்பாலும் அகலும், குளிரும் தணியும். நகர நீர்வழங்கலில் குளோரீன் மணம் கடுமையாக இருந்தால், கடையில் விற்கும் குளோரீன் நீக்கியைச் சில துளி விடலாம்.

உணவு, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் வேண்டாம். தங்கமீனுக்கு இரைப்பை இல்லை. எப்போதும் பசித்ததுபோல் வாயைத் திறந்துகொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பனி விழும் நாட்களில் இன்னும் குறைக்க வேண்டும். தின்னாத உணவு அமோனியாவாகும்.

தோட்டப் பகுதிகளுக்கு மட்டுமே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. தேயிலையின் கொப்புள நோய் 1946இல் இலங்கையை அடைந்தது. அதற்கு எதிராக மழைக்காலத்தில் தெளிக்கப்பட்டு வந்த மருந்துகளில் செப்புக் கலவைகள் முக்கியமானவை. செப்பு, மீனுக்கும் நத்தைக்கும் கொடிய நஞ்சு; எங்களுடையதைப் போன்ற மென்னீரில் அதன் கடுமை கூடும். ஆகவே மருந்தடித்த மலைக்குக் கீழுள்ள கானிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கக் கூடாது. மருந்து கரைத்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீன்வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

வளர்க்க முடியாமற் போனால் மீனைக் கிரகரி வாவியிலோ ஓடையிலோ விடுவதும் தகாது. 1882இல் வெள்ளையர் தூண்டிற்பொழுதுபோக்குக்காக டிரவுட் மீனைக் கொண்டுவந்தனர். 1915இல் கெண்டை வந்தது. எங்கள் ஓடைகளில் வேறெங்கும் இல்லாத சிற்றுயிர்கள் உண்டு. அவற்றுக்கு இன்னொரு வேற்றுநாட்டு விருந்தாளி வேண்டாம்.

இடம் என்னும் கேள்வி

இத்தனைக்கும் முதன்மையானது தொட்டியின் பருமன். கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பது அதனை மெல்லக் கொல்வதே. தங்கமீன் ஒரு சாணுக்கு மேல் வளரக்கூடியது. பத்து, இருபது ஆண்டு வாழக்கூடியது. இங்கிலாந்தில் ‘டிஷ்’ எனப் பெயரிடப்பட்ட ஒரு மீன் 43 வயது வரை வாழ்ந்து 1999இல் இறந்தது. இரண்டு மீன்களுக்குக் குறைந்தது மூன்றடி நீளத் தொட்டி, அதாவது ஏறக்குறைய 100 லீற்றர் தண்ணீர் வேண்டும். அது 100 கிலோவுக்கு மேல் நிறை உடையது. அதைத் தாங்க உறுதியான மேசை வேண்டும், மேசைக்கு இடம் வேண்டும், பம்பிக்கு மின்சாரம் வேண்டும், வாரந்தோறும் மாற்றத் தண்ணீர் வேண்டும்.

இந்தப் பட்டியலை எழுதியபோதுதான் மலையகத்தில் மீன்தொட்டி ஏன் இவ்வளவு பிந்தி வந்தது என்பது எனக்கு விளங்கியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஒரு குடும்பம் உறங்கி, சமைத்து, பிள்ளை பெற்று வாழ்ந்தது. பல குடும்பங்களுக்கு ஒரு பீலி. மின்சாரம் வெகுகாலம் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் உரியதாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டது. நாளை எங்கே இருப்போம் என்று தெரியாதவர், இருபது ஆண்டு வாழும் ஓர் உயிரை வீட்டுக்குள் ஏற்பது எவ்வாறு? அக்காலத்தில் லயத்துப் பிள்ளைகளின் மீன் வளர்ப்பு, கானில் பிடித்த குஞ்சை ஹோர்லிக்ஸ் போத்தலில் இட்டு இரண்டு நாள் பார்ப்பதோடு முடிந்தது.

லயத்து மக்களைப் பற்றி அக்காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்ட குறை ஒன்று உண்டு: அவர்கள் சுத்தமாக இருப்பதில்லை என்பதே அது. மனிதரை மீனோடு ஒப்பிடுவது என் நோக்கம் அன்று. ஆயினும் நியாயம் ஒன்றே. கிண்ணம் கலங்குவதற்குக் காரணம் மீனின் ஒழுக்கக்கேடு அன்று, கிண்ணத்தின் சிறுமை. ஓர் உயிர் வாழ வேண்டிய இடத்தையும் தண்ணீரையும் மறுத்துவிட்டு அதன் சுத்தத்தைக் குறைகூறுவது நேர்மை ஆகாது. வெள்ளையர் காலத்திலும், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறிய பின்னரும் இந்நேர்மைக் கேடு தொடர்ந்தது.

கடந்த பத்தாண்டுகளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் சில இடங்களில் எழுந்துள்ளன. இந்திய உதவியிலான வீடமைப்புத் திட்டமும் அவற்றுள் அடங்கும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆனால் லயங்களிலேயே இன்னும் வாழ்வோர் பெருந்தொகையினர். கட்டிய வீடுகளிலும் தண்ணீர் வந்ததா, காணி உறுதி கைக்கு வந்ததா என்பதைத் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது.

மீன்தொட்டி ஓர் ஆடம்பரம், வீடில்லாதவரிடையே அதைப் பற்றி எழுதலாமா என்று கேட்போர் இருக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தனக்கென ஒரு கூரையும் குழாயும் உள்ள பிள்ளைதான் தண்ணீரை அளந்து, பஞ்சைப் பிழிந்து, இன்னோர் உயிரைப் பத்தாண்டு பேணக் கற்றுக்கொள்ள முடியும். அந்த வாய்ப்பு ஹட்டன் நகரத்துப் பிள்ளைக்கு உண்டெனில், அதே மலையின் லயத்துப் பிள்ளைக்கும் உண்டாக வேண்டும். என்னிடம் கேள்வி கேட்ட நண்பர்கள் அடுத்த முறை தொட்டியைக் கழுவாமல் இருப்பார்களாக. வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் மாற்றினால் போதும்.